சில்லுக்காரர் வைத்த கரிப்பொட்டு

பாலர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் டீச்சரம்மா ஒருவர், தந்தி மாற்றுவதற்காகத் தன் கிட்டாரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஆலையில் செய்த மலிவான கிட்டார். நடுவிலே ஒலி வரும் வட்டத் துளையைச் சுற்றி, நல்ல கிட்டார்களில் மரத்தாலேயே பூவேலை பதித்திருப்பார்கள். இதில் இருந்தது அச்சடித்த காகிதம். அதுவும் ஒரு பக்கம் உரிந்து, பசைக்கறை பல்லை இளித்தது. டீச்சரம்மா பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த இடத்தின் மேலேயே உள்ளங்கையை வைத்திருந்தார், பிள்ளையின் கிழிந்த சட்டையை நாலு பேர் பார்க்காமல் மறைப்பதுபோல.

மூலை மேசையில் மரச்சில்லு அறுத்துக்கொண்டிருந்த சில்லுக்காரர் அதைப் பார்த்தார். கிட்டார் மறுநாள் வரை பட்டறையில் இருந்தது. அதற்குள் உரிந்த இடத்தைப் பொடிப்பொடி மரச்சில்லுகளால் நிரப்பிவிட்டார். அதில் ஒரு வேடிக்கை. மங்கிய காகிதத்தின் நிறம் வரும்வரை மரத்தைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்தார். அச்சில் கோடு கோணலாகப் போயிருந்த இடத்தில் தானும் கோணலாகவே வைத்தார்.

பட்டறைக்குச் சொந்தக்காரரான கிட்டார்க்காரருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன சம்பந்தி, நிஜ மரத்தைக் காகிதமா நடிக்க வைக்கறீங்க? உங்க கையால நல்ல பூவா நாலு வெச்சா அந்தம்மா குளிர்ந்து போயிடுமே!"

"நாலு நல்ல பூ வெச்சா, மிச்சம் இருக்கறதெல்லாம் மட்டம்னு ஆயிடும் சம்பந்தி. வந்தது வந்த மாதிரியே போகட்டும்" என்றார் சில்லுக்காரர்.

டீச்சரம்மா வந்தார். உரிந்த இடம் எது என்று அவருக்கே பிடிபடவில்லை. கையை எடுத்துவிட்டு, அங்கேயே நின்று ஒரு குழந்தைப் பாட்டை முழுசாக வாசித்துவிட்டுப் போனார்.

அடுத்தவர் குறையை அவருக்கே தெரியாமல் மூடிவிடுகிற மனுஷர் இவர் என்று கிட்டார்க்காரர் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்கலாம். சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பின்னாளில் அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும்.

இரண்டு பேரும் சம்பந்திகள். கிட்டார்க்காரரின் மகளைச் சில்லுக்காரரின் மகனுக்குக் கொடுத்திருந்தது. பெண் கொடுத்தவர் என்ற பணிவு இவருக்கு, பெண் எடுத்தவர் என்ற மிதப்பு அவருக்கு என்று ஊரில் எங்கும் இருக்கிற கதை இவர்களிடம் இல்லை. ஒரே பட்டறையில் ஆளுக்கொரு மேசை. ஒரே பிளாஸ்கில் டீ. சாமி கும்பிட்டுவிட்டு வேலை தொடங்குகிற பழக்கமும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

சில்லுக்காரர் அதற்கு முன்னால் தரை போட்டவர். மண்டபங்களிலும் ஆஸ்பத்திரி நடைகளிலும் வண்ண வண்ணச் சில்லுக்கல் பதித்துக் கோலமாக்கினவர். முழங்கால் இரண்டும் தேய்ந்து, உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும் என்றானபோது வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல் மருமகளின் சமையலறையில் டப்பாக்களை உயர வாரியாக அடுக்கத் தொடங்கினார். மருமகள்தான் தாங்க முடியாமல் அப்பாவிடம் சொன்னாள். "அப்பா, மாமாவுக்கு ஏதாவது வேலை குடுங்கப்பா. உப்பு எங்கே இருக்குன்னு எனக்கே தெரியலை."

கிட்டார்க்காரர் அதுவரை துளையைச் சுற்றி வைக்கிற பூவேலை வளையங்களைக் கடையில் வாங்கிப் பதித்துக்கொண்டிருந்தார். ஒன்றைக் கொண்டுபோய்ச் சம்பந்தியின் கையில் கொடுத்தார். சில்லுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட, இதுவும் தரைதானே! என்ன, எறும்பு நடக்கற தரை" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

வேலையைச் சொன்னால் சுலபமாகத்தான் இருக்கும். கட்டம் போட்ட தாளில் முதலில் படம். ஒரு கட்டம் என்பது ஒரு பொடி மரம். சாயம் ஏற்றிய மரச்சீவல்களைத் தாளில் உள்ள வரிசைப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் பசைபோட்டு ஒட்டி, அதை மெல்லிய பட்டைகளாக அறுத்து, அந்தப் பட்டைகளை மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினால் விரல் தடிமனில் ஒரு பாளம் கிடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் குச்சி. ரொட்டியை அறுப்பதுபோல அதைக் குறுக்கே அறுத்தால் ஒவ்வொரு துண்டிலும் அதே படம் இருக்கும். அந்தத் துண்டுதான் சில்லு. சில்லுகளை வட்டமாக அடுக்கினால் வளையம். ஒரு பட்டை தலைகீழாகப் போனால் பாளம் முழுக்கப் பிழை. அதனால் கடைசிப் பட்டையை ஒட்டுவதற்கு முன் கண்ணை மூடி, "நான் அடுக்கிட்டேன். பிசகியிருந்தா இப்பவே சொல்லிடுப்பா" என்று கடவுளிடம் சொல்லுவார்.

படத்துக்கு அவர் எங்கும் தேடிப்போக மாட்டார். சாக்கடை மூடி, ஜன்னல் கம்பி, எதிர்வீட்டுத் திரைச்சீலை எல்லாம் அவருக்குப் படம்தான். ஒருமுறை பஸ்ஸில் முன் இருக்கை அம்மாளின் கம்பளிச் சட்டையில் கட்டங்களை எண்ணிக்கொண்டே வந்து, அந்த அம்மாளின் வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "திட்டு வாங்கினது போகட்டும் சம்பந்தி. பாதி எண்ணிக்கிட்டு இருக்கும்போதே இறங்கிட்டாங்க, அதுதான் வயித்தெரிச்சல்" என்று வந்து சொன்னார். அந்தச் சட்டையும் ஒரு வளையமாயிற்று. மற்ற கிட்டார்ப் பட்டறைக்காரர்களும் அவரிடம் வந்து வாங்கிப் போனார்கள்.

மேடைகளில் வாசிக்கிற பெரிய வித்வான் ஒருவர் கிட்டார்க்காரரிடம் ஒரு கிட்டார் செய்யச் சொன்னார். வளையம் மட்டும் யாரிடமும் இல்லாததாக வேண்டும் என்றார். கிட்டார்க்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த ஒன்று நன்றாக அமைந்தால் பட்டறையின் பேர் எங்கேயோ போய்விடும்.

சில்லுக்காரர் குருவி போட்டார். ஒரு சில்லுக்கு ஒரு குருவி. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே திசையில், துளையைச் சுற்றிப் பறக்கும். அவர் போட்டதிலேயே கஷ்டமான படம் அதுதான். ஏனென்றால் பூவுக்கும் கட்டத்துக்கும் இடம் வலம் கிடையாது, குருவிக்கு உண்டு. சில்லின் ஒரு முகத்தில் குருவி வலப்பக்கம் பறந்தால், அதையே கவிழ்த்தால் இடப்பக்கம் பறக்கும். அதற்காகச் சில்லுக்காரர் ஒவ்வொரு சில்லுக்கும் பின்பக்கம் ஒரு கரிப்பொட்டு வைத்தார். அறுத்த சில்லில் பசையும் தூளும் அப்பிக்கொண்டு முகம் மங்கலாக இருக்கும். பதித்துக் காய்ந்து, சீவுளியால் மட்டமாகச் சீவிய பிறகுதான் படம் கண்ணைத் திறக்கும். அதுவரைக்கும் கரிப்பொட்டுதான் வழிகாட்டி.

"பொட்டு கீழே போகணும் சம்பந்தி" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பதிக்கிற வேலை கிட்டார்க்காரருடையது. பாதி வட்டம் சரியாகவே போயிற்று. மேல்பலகை வெள்ளை வெளேர் என்ற மரம். பசையின் ஈரத்தில் பொட்டு கரைந்து, வளையம் பதிக்க வெட்டிய பள்ளத்தின் ஓரமாக ஒரு கறுப்புக் கசிவு தலை காட்டியது. அவருக்குப் பகீர் என்றது. கசிவை ஒற்றி எடுத்தார். மிச்சமிருந்த சில்லுகளின் பொட்டுகளை ஈரத்துணியால் ஒன்றுவிடாமல் துடைத்தார். துடைத்த பக்கம் உலரட்டும் என்று பின்பக்கம் மேலே இருக்கும்படி தட்டில் பரப்பினார். அதற்குள் வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர், தட்டில் மேலே இருந்த பக்கத்தையே மேலே வைத்துப் பதித்து முடித்துவிட்டார்.

மறுநாள் காலை சீவத் தொடங்கினார். தூள் பறந்தது. குருவிகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. பாதிக் குருவிகள் இப்படிப் பறந்தன, பாதிக் குருவிகள் அப்படி. கழுத்துப் பலகை வந்து மூடுகிற மேல் பகுதி போகட்டும், கீழே நட்டநடுவில் இரண்டு குருவிகள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன.

அந்த நேரம் பார்த்தா வித்வான் வந்து நிற்க வேண்டும்? சொல்லாமல் கொள்ளாமல், கூடவே வேறொரு பட்டறைக்காரரையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். குனிந்து பார்த்தார். புருவம் ஏறியது.

"என்ன மாஸ்டர், பாதிக் குருவிக்கு வழி தெரியலையா?"

கூட வந்தவர் களுக்கென்று சிரித்தார்.

கிட்டார்க்காரர் மேசையில் கிடந்த துணியை எடுத்துப் பிசைந்தார். நேற்றுப் பொட்டு துடைத்த அதே துணி. அவர் யோசித்துச் சொன்னார் என்று சொல்ல முடியாது. வாய் முந்திக்கொண்டது.

"சம்பந்தி வேலைங்க இது. அறுக்கும்போது புரண்டு போயிருக்கும்போல. அவருக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லை... நானும் கவனிக்காம விட்டுட்டேன்."

சொல்லி முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தால், வாசல்படியில் டீ பிளாஸ்குடன் சில்லுக்காரர் நிற்கிறார்.

அவர் பலகையைப் பார்த்தார். கிட்டார்க்காரரின் கையைப் பார்த்தார். பிளாஸ்கை மெதுவாக மேசையில் வைத்தார்.

"ஆமாங்க" என்றார் வித்வானிடம். "வயசாச்சு. தடுமாறிடுச்சு. பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுங்க."

"அடடா, பரவாயில்லை பெரியவரே. இந்த வயசுல இவ்வளவு பண்றதே பெருசு" என்றார் வித்வான். கிட்டார்க்காரரைத் தனியாக அழைத்து, சாதாரண வளையம் வைத்து வேறு பலகை போட்டுக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆர்டர் கையை விட்டுப் போகவில்லை. பட்டறையின் பேரும் கெடவில்லை. கெட்டுப்போனது சில்லுக்காரரின் கண்ணின் பேர்.

கூட வந்த பட்டறைக்காரர் போகிற இடமெல்லாம் பரிதாபப்பட்டார். பரிதாபம் ஊரெல்லாம் பரவியது. வளையம் வாங்க வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். வந்தவர்களும் உரக்கப் பேசினார்கள். கண் தெரியாதவருக்குக் காதும் கேட்காது என்று யார் சொன்னார்களோ!

வித்வான் வந்துபோன அன்று சாயங்காலம் கிட்டார்க்காரர் சாமி படத்துக்கு முன்னால் நின்றார். கை கூப்பினார். தினமும் சொல்கிற நாலு வரியில் "உண்மையைத் தா" என்று ஒரு வரி உண்டு. அந்த இடத்துக்கு வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தக் குருவிப் பலகையை அவர் எறியவும் இல்லை, பார்க்கவும் இல்லை. பட்டறைச் சுவரில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவைத்தார்.

சில்லுக்காரர் பட்டறைக்கு வராமல் இல்லை. வந்தார், உட்கார்ந்தார், கட்டத்தாளில் ஏதோ போட்டுக்கொண்டிருந்தார். கோபமும் காட்டவில்லை. ஒரே ஒரு நாள், கிட்டார்க்காரர் டீயை ஊற்றி நீட்டியபோது சொன்னார்.

"சர்க்கரை போட்டிருக்கான்னு நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க சம்பந்தி. எனக்குத்தான் கண்ணு தெரியாதே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கிட்டார்க்காரரும் சிரிக்க வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய அடி மகளிடமிருந்து வந்தது. அவளுக்கு மாமனார் என்றால் உயிர். விஷயம் காதில் விழுந்ததும், கண் தெரியாமல் கையை அறுத்துக்கொள்வாரோ என்று பயந்து அவருடைய ரம்பமும் கத்தியும் இருந்த தகர டப்பாவை எடுத்து ஒளித்துவைத்தாள். டப்பா இல்லாமல் பட்டறைக்குப் போய் என்ன செய்வது? சில்லுக்காரர் வீட்டோடு இருந்துவிட்டார். மகள் அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போனாள். டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். சில்லுக்காரர் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, பலகையின் மூலையில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பேரையும் படித்தாராம். டாக்டர் சிரித்துவிட்டு, கண்ணாடியே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

"அப்புறம் ஏம்ப்பா அப்படிப் பிசகிச்சு?" என்று மகள் அப்பாவிடம் வந்து கேட்டாள். "கண்ணு நல்லா இருக்குன்னா, மறதியா இருக்குமோ? தலைக்கு ஏதாவது டெஸ்ட் எடுக்கணுமோ?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "எதுக்கும் ஒரு தடவை காட்டிடும்மா" என்றார் கிட்டார்க்காரர். சொன்ன பிறகு, பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அவள் போனதும் அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னங்க, அந்தக் குருவி வேலையில தப்பு யாரோடது?"

"ஏன், என்ன இப்போ?"

"அன்னிக்கு வந்து சாப்பிட்டீங்களே, கை நகமெல்லாம் கரி. கை கழுவுங்கன்னு நான்தானே துரத்தினேன். அவர் கரிப்பொட்டு வெப்பாருன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அதைத் துடைச்சது யாரு?"

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு ஒரு கிட்டார்தான் போயிருக்கும்" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "அவருக்கு இப்போ கண்ணு போச்சு, கை போச்சு, அடுத்தது புத்தியும் போச்சுன்னு ஆகப்போகுது. அவர் பையன் வீட்டுலதான் நம்ம பொண்ணு வாழறா. அவளுக்காகத்தான் அந்த மனுஷன் வாயைத் திறக்காம இருக்காரு. நீங்க சாமி கும்பிடற லட்சணம் நல்லா இருக்கு."

அன்று முதல், உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்புவார். தெருமுனை வரை கால் போகும். அதற்குமேல் போகாது. ஒருநாள் வாசல் வரை போய்விட்டார். சில்லுக்காரர் திண்டில் சாய்ந்துகொண்டு, எதிர்ச்சுவரில் ஓடுகிற எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க சம்பந்தி, உள்ளே வாங்க. பாருங்க, இதுங்களுக்கு யாரும் பொட்டு வெக்கலை. என்ன ஒழுங்கா போகுது!" என்றார். கிட்டார்க்காரர் கையில் கொண்டுபோன வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அப்புறம் சில்லுக்காரரின் மகனுக்கு வேலை மாற்றல் வந்தது. தூர ஊர். குடும்பத்தோடு போக வேண்டியதுதான்.

கிளம்புகிற அன்று வாசலில் வேன் நின்றது. மூட்டைகளும் பாத்திரங்களும் ஏறிக்கொண்டிருந்தன. மருமகன் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மகள் ஒரு தோளில் பையும், இன்னொரு கையில் மாமனாரின் முழங்கையுமாக வெளியே வந்தாள். கண் சரி என்று டாக்டர் சொல்லியும், நினைவு பிசகி விழுந்துவிடுவாரோ என்ற பயம் அவளை விடவில்லை.

"படி இருக்கு மாமா, மெதுவா. அடுத்தது இன்னொரு படி. குழி இருக்கு, என் கையைப் பிடிச்சுக்குங்க."

எறும்பு நடக்கிற தரை போட்ட மனுஷர், குருடர்போலத் தலையை ஆட்டிக்கொண்டு, அவள் சொன்ன இடத்தில் அடியெடுத்து வைத்தார். மறுத்துப் பேசி அவளை வருத்தப்படுத்த அவருக்கு மனசில்லை. அதைப் பார்த்ததும், வழியனுப்ப வந்திருந்த கிட்டார்க்காரருக்குள் ஏதோ அறுந்துபோயிற்று.

"கையை விடும்மா" என்றார். அவர் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. கயிறு கட்டிக்கொண்டிருந்த மருமகனும் திரும்பிப் பார்த்தார். "அவரை விடு. அவருக்குக் கண்ணு தெரியும். என்னைவிட நல்லாத் தெரியும்."

"என்னப்பா சொல்றீங்க?"

"அவர் பொட்டு வெச்சுத்தான் குடுத்தாரு. நான்தான் துடைச்சுட்டுக் கவிழ்த்துப் பதிச்சேன். வித்வான் கேட்டதும்... இவர் மேல போட்டுட்டேன். அவர் கண்ணுக்கு ஒண்ணும் இல்லை. தலைக்கும் ஒண்ணும் இல்லை. அழுகல் எல்லாம் என்கிட்டதான்."

அழகாகச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். வந்தது இப்படித்தான், மூட்டைகளுக்கு நடுவே, மூக்கு ஒழுக.

மகள் அப்பாவைப் பார்த்தபடி நின்றாள். அந்தப் பார்வையை அவர் தாங்க வேண்டியிருந்தது. திட்டியிருந்தால் தேவலை. அவள் மாமனாரின் கையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். பழைய சாமான்காரனுக்கென்று ஒதுக்கிவைத்த குவியலிலிருந்து அந்தத் தகர டப்பாவை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

"மன்னிச்சிடுங்க மாமா. உங்களைக் குழந்தை மாதிரி நடத்திட்டேன்."

"நல்லாத்தானே பார்த்துக்கிட்டே. இத்தனை வயசுக்கப்புறம் எனக்கு யாரும்மா படி சொல்லிக் குடுப்பாங்க?" என்றார் சில்லுக்காரர். டப்பாவைத் திறந்து ரம்பத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "துரு ஏறியிருக்கு. எண்ணெய் போட்டா சரியாயிடும்."

யார் கையையும் பிடிக்காமல் நடந்துபோய் வேனின் ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் வலியில் முகம் சுருங்கியது, அவ்வளவுதான்.

கிட்டார்க்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"கரித்துணி உங்க கையிலதானே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் அங்கேயே சொல்லலை?"

சில்லுக்காரர் டப்பாவை மூடினார். அதற்கு என்ன பதில் என்று கிட்டார்க்காரர் கடைசிவரை யோசித்தார். டீச்சரம்மாவின் கிட்டாரில், உரிந்த இடம் இதுதான் என்று அவர் யாருக்கும் காட்டவில்லை என்பது மட்டும்தான் நினைவுக்கு வரும். தூர ஊரில் சில்லுக்காரர் இன்னும் சில வருஷம் உயிரோடு இருந்தார். நிறைய வளையம் செய்கிறார் என்று மகள் எழுதுவாள். இரண்டு பேரும் மறுபடி சந்திக்கக் கடவுள் வழிவிடவில்லை.

அன்று வேன் உறுமியது. கிட்டார்க்காரர் தலை குனிந்தபடி கம்பியை விட்டார். அப்போது ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிச் சில்லுக்காரர் கூப்பிட்டார்.

"சம்பந்தி, அந்தப் பலகையைத் திருப்பி மாட்டுங்க. பாவம், குருவிங்க எத்தனை நாளைக்குச் சுவத்தையே பார்த்துக்கிட்டு இருக்கும்?"